இரண்டு பாடங்கள்: பாஸ்கல் இலக்கண வரைபடத்தின் பிறப்பு குறித்து ஒரு மறுஆய்வு

1. சிக்கல்

48-ஐ 4-ஆல் வகுத்து, வந்த ஈவை 2-ஆல் வகுத்தால் 6 கிடைக்கும். 4-ஐ 2-ஆல் முதலில் வகுத்துவைத்துக்கொண்டு, அதனால் 48-ஐ வகுத்தால் 24 கிடைக்கும். எண்களும் குறிகளும் அவற்றின் வரிசையும் ஒன்றே. எந்த இரண்டை முதலில் சேர்த்துப் பார்க்கிறோம் என்பதில்தான் வேறுபாடு. ஒரு நிரல்மொழியின் இலக்கணம் எந்தத் தொடர் செல்லும், எது செல்லாது என்று சொன்னால் மட்டும் போதாது. செல்லும் தொடரின் உறுப்புகள் எப்படிக் கூடி நிற்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும்.

கேத்லீன் ஜென்சனும் நிக்லாஸ் விர்த்தும் எழுதி 1974இல் ஸ்பிரிங்கர் பதிப்பகம் வெளியிட்ட பாஸ்கல் பயனர் கையேடும் அறிக்கையும் அடங்கிய நூலில், பெருக்கல் வகுத்தலுக்கான இலக்கணம் இரண்டு வடிவங்களில் அச்சாகியிருக்கிறது. ஒன்று பாக்கஸ்–நௌர் குறியீட்டில் எழுத்தாக உள்ளது. மற்றொன்று, பின்னாளில் ரயில்பாதை வரைபடம் என்று பெயர்பெற்ற தொடரியல் வரைபடம். இரண்டும் ஒரே தொடர்களை ஏற்கின்றன. ஆனால் 48, 4, 2 என்ற நம் தொடர் எப்படிக் கூடுகிறது என்று கேட்டால், எழுத்து வடிவம் விடை சொல்கிறது, வரைபடம் சொல்வதில்லை.

ஒரே நூலின் இரண்டு ஏடுகள் ஓரிடத்தில் வேறுபட்டால் நம் பதிப்பாசிரியர்கள் அதைப் பாடபேதம் என்று குறித்துக்கொண்டு, எந்தப் பாடம் எதிலிருந்து வந்தது என்று தேடுவார்கள். இக்கட்டுரை அந்த முறையை ஓர் அச்சு நூலின் இரண்டு பக்கங்களுக்குப் பொருத்திப் பார்க்கிறது. வரைபடம் எழுத்திலக்கணத்தின் படமாக்கம் அன்று என்பதும், அது கம்பைலரின் வழிவந்த தனிக் கிளை என்பதும் இங்கே முன்வைக்கப்படும் கருத்து.

2. விர்த் தந்த வரிசை

இதற்கு மாறான கருத்தை வலுவாக நிலைநாட்டியவர் விர்த்தே. 1976இல் வெளியான ‘அல்காரிதங்களும் தரவுக் கட்டமைப்புகளும் சேர்ந்தால் நிரல்கள்’ என்ற பொருள்படும் தலைப்புடைய நூலின் ஐந்தாம் இயலில் அவர் ஒரு படிவரிசையைக் கற்பிக்கிறார். முதலில் எழுத்தாலான விதிகள் இருக்கின்றன. அவற்றை வரைபடமாக்க ஒரு தொகுதி வழிமுறைகள் தரப்படுகின்றன: விதிப்பெயருக்கு ஒரு வரைபடம், இறுதிக்குறிக்கு வட்டம், வேறொரு விதியின் பெயருக்குச் சதுரம், மாற்றுகளுக்குக் கிளைகள், தொடர்ச்சிக்கு ஒன்றன்பின் ஒன்றான கோடு, மீள்வருகைக்குத் திரும்பி வரும் வளையம். வரைபடத்தை நிரலாக்க மற்றொரு தொகுதி வழிமுறைகள் வருகின்றன: சதுரம் ஒரு துணைநிரல் அழைப்பாகும், கிளை ஒரு நிபந்தனையாகும், வளையம் ஒரு சுழல் கட்டளையாகும். ஆக, எழுத்து முதலில், படம் அடுத்து, நிரல் கடைசியில்.

கற்பிக்கும் முறையாக இது ஒப்பற்றது. கம்பைலர் எழுதுவதை ஒரு தலைமுறை மாணவர்கள் இந்த வரிசையில்தான் கற்றார்கள். அந்நூலில் விர்த் உருவாக்கிய பிஎல்/0 என்ற சிறு மொழி இன்றும் வகுப்பறைகளில் வாழ்கிறது. என் மறுப்பு கற்பித்தலைப் பற்றியதன்று. கற்பிக்கும் வரிசையை வரலாற்று வரிசையாகவும் எடுத்துக்கொண்டதைப் பற்றியது. அவருக்குப் பின் எழுதப்பட்ட பாடநூல்கள் தொடரியல் வரைபடத்தைப் பாக்கஸ்–நௌர் குறியீட்டின் ‘பட வடிவம்’ என்று ஒற்றை வரியில் சொல்லிக் கடப்பதற்கு இந்த வரிசையே காரணம் என்று கருதுகிறேன். அப்படிச் சொன்னால் படத்துக்கென்று ஒரு வரலாறு தேவையில்லாமல் போகிறது. எழுத்து எப்போது பிறந்தது என்று சொல்லிவிட்டால் படத்தின் பிறப்பையும் சொன்னதாகிவிடுகிறது.

விர்த்தின் வழிமுறைகளை அவருடைய 1974 நூலின் விதிகள்மீதே ஏவிப் பார்ப்போம். அங்கேதான் வரிசை உடைகிறது.

3. ‘உறுப்பு’ விதியின் பாடபேதம்

பாஸ்கல் அறிக்கையில் ‘உறுப்பு’ என்பதற்கான விதி இப்படிப் போகிறது: உறுப்பு என்பது ஒரு காரணி, அல்லது, ஓர் உறுப்பும் அதன்பின் ஒரு பெருக்கல் வகைக் குறியும் அதன்பின் ஒரு காரணியும். விதி தன் பெயரைத் தன் வரையறையின் இடப்பக்க முனையிலேயே வைத்திருக்கிறது. இதை இங்கே இடப்புறத் தன்னழைப்பு என்று சொல்வோம். இந்த விதிப்படி 48, 4, 2 என்ற தொடரைப் பகுத்தால், கடைசியில் நிற்கும் 2 மட்டும் காரணியாகப் பிரியும். 48-உம் 4-உம் சேர்ந்து ஓர் உறுப்பாக இடப்பக்கம் நிற்கும். பகுப்பு மரத்தில் அந்த இரண்டும் ஒரே கிளையில் தொங்கும். விடை 6 என்று விதியின் வடிவமே சொல்லிவிடுகிறது.

அதே நூலின் வரைபடத்தில் ‘உறுப்பு’ எப்படி இருக்கிறது? இடப்பக்கமிருந்து ஒரு கோடு வருகிறது. ‘காரணி’ என்ற ஒரே ஒரு பெட்டி. அதைத் தாண்டியதும் கோடு வெளியேறலாம். அல்லது திரும்பி, ஏதாவதொரு பெருக்கல் வகைக் குறியின் வழியாகச் சென்று, மீண்டும் அதே பெட்டிக்குள் நுழையலாம். ‘உறுப்பு’ என்ற பெயர் படத்துக்குள் எங்கும் இல்லை. வளையத்தில் ஒரு முறை சுற்றினாலும் பத்து முறை சுற்றினாலும், காரணிகள் அனைத்தும் ஒரே தகுதியில் வரிசையாக நிற்கின்றன. 48-க்கும் 4-க்கும் உள்ள உறவு, 4-க்கும் 2-க்கும் உள்ள உறவைவிட நெருக்கமானது என்று காட்ட இந்தப் படத்தில் இடமே இல்லை.

விர்த்தின் வழிமுறைகளை அறிக்கையின் விதிமீது அப்படியே செலுத்தினால் கிடைப்பது இந்தப் படம் அன்று. இரண்டு கிளைகள் கிடைக்கும். முதற்கிளையில் ‘காரணி’ என்ற பெட்டி இருக்கும். இரண்டாம் கிளையில் ‘உறுப்பு’ என்ற பெட்டியே முதலில் நிற்கும். அந்தப் படத்தை நிரலாக்கினால், ‘உறுப்பு’ என்ற துணைநிரல் ஒரு குறியைக்கூடப் படிக்காமல் தன்னையே அழைக்கும், அது மறுபடியும் தன்னை அழைக்கும், முடிவே இருக்காது. ஆகவே அச்சான படம் அச்சான எழுத்திலிருந்து அந்த வழிமுறைகளால் பிறந்திருக்க முடியாது. இடையில் யாரோ விதியை மாற்றியிருக்க வேண்டும்.

‘இதில் என்ன இருக்கிறது? இடப்புறத் தன்னழைப்பை முதலில் மீள்வருகையாக மாற்றி எழுதிக்கொண்டு, பிறகு வரைந்திருப்பார்கள்’ என்று ஒருவர் சொல்லலாம். இது நியாயமான எதிர்வாதம். ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு விதி இருக்கிறது. கூட்டுக் கட்டளைக்கான விதி: ‘பிகின்’ என்ற சொல், ஒரு கட்டளை, பின்பு நெளிவடைப்புக்குள் அரைப்புள்ளியும் கட்டளையும், கடைசியில் ‘எண்டு’. நெளிவடைப்புக்குள் இருப்பது எத்தனை முறையும் வரலாம், வராமலும் போகலாம் என்பது பொருள். மீள்வருகையைச் சொல்லும் குறி அறிக்கை எழுதியவரின் கையிலேயே இருந்திருக்கிறது. கட்டளைகளின் வரிசைக்கு அதைப் பயன்படுத்தியவர், உறுப்புக்கு அதைப் பயன்படுத்தவில்லை.

இந்த வேறுபாட்டைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனமில்லை. ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் கட்டளைகளை எந்த இரண்டாகச் சேர்த்துப் பார்த்தாலும் விளைவு மாறாது. வகுத்தலில் மாறும். கூடும் முறை பொருட்படாத இடத்தில் வளையமும், பொருட்படும் இடத்தில் தன்னழைப்பும் என எழுத்துப் பாடம் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. வரைபடமோ இரண்டுக்கும் ஒரே வளையத்தைப் போடுகிறது. எழுத்தைப் பார்த்துப் பெயர்த்தெழுதிய கை இப்படிச் சமன்செய்திருக்காது; எழுத்தைப் பார்க்காத கை செய்திருக்கும்.

விர்த் இந்த வேறுபாட்டை உணராதவர் என்று யாரும் எண்ண வேண்டாம். 1966இல் ஹெல்முட் வேபருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்லர் மொழியில், ஒவ்வோர் இலக்கண விதியோடும் அதற்குரிய பொருள்விதி இணைக்கப்பட்டிருந்தது. விதியின் வடிவம் பொருளைச் சுமக்கிறது என்பதைச் செய்துகாட்டியவர் அவர். அதனால்தான் இந்தப் பாடபேதம் கூடுதல் கவனத்துக்குரியதாகிறது.

4. இரு பாடங்களின் வமிசாவளி

எழுத்துப் பாடத்தின் மூதாதையை எளிதில் கண்டுகொள்ளலாம். பீட்டர் நௌர் பதிப்பித்து 1960இல் வெளியான ஆல்கால் 60 அறிக்கையில் ‘உறுப்பு’ விதி இதே வடிவில் இருக்கிறது: காரணி, அல்லது உறுப்பு, பெருக்கல் குறி, காரணி. பாஸ்கல் அறிக்கை அந்த மரபை அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

அந்த மரபுக்கு ஏற்ற பகுப்பு முறை வேறு. ஆய்லர் மொழிக்கு விர்த்தும் வேபரும் பயன்படுத்தியது, கீழிருந்து மேலாகக் குறிகளைத் திரட்டும் முன்னுரிமை முறை. அதற்குரிய காட்சிக் கருவி ஓர் அட்டவணை. குறிகளை நிரையிலும் நிரலிலும் எழுதி, இரண்டு குறிகள் அடுத்தடுத்து வந்தால் அவற்றுக்கிடையே மூன்று உறவுகளில் எது நிலவுகிறது என்று கட்டங்களில் குறிப்பார்கள். ஒரே கட்டத்தில் இரண்டு உறவுகள் மோதினால் இலக்கணத்தில் பழுது இருக்கிறது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். இந்த முறையில் இடப்புறத் தன்னழைப்பால் தொல்லை இல்லை. கட்டங்களைப் பார்த்து இலக்கணத்தைத் திருத்தும் வேலைக்கு அந்த அட்டவணை அன்றைய மிகச் சிறந்த வடிவமைப்புக் கருவி.

பாஸ்கலுக்குச் சூரிச்சில் எழுதப்பட்டு 1970இல் இயங்கிய கம்பைலர் வேறு வழியில் சென்றது. மேலிருந்து கீழாக, ஒவ்வொரு விதிக்கும் ஒரு துணைநிரல் என்று அமைந்து, மூலநிரலை ஒரே நடையில் படித்து முடிப்பது அது. அத்தகைய கம்பைலரில் இடப்புறத் தன்னழைப்பு நுழையவே முடியாது. ‘உறுப்பு’ துணைநிரல் ஒரு காரணியைப் படிக்கும். அடுத்து வருவது பெருக்கல் வகைக் குறியாக இருக்கும்வரை, குறியையும் அடுத்த காரணியையும் படித்துக்கொண்டே போகும். 1974 நூலின் ‘உறுப்பு’ வரைபடத்தை வாய்விட்டுச் சொன்னால் இதே வாக்கியம்தான் வருகிறது. பெட்டி துணைநிரல் அழைப்பாகவும் வளையம் சுழலாகவும் பொருந்துகின்றன. எதுவும் மிஞ்சுவதில்லை, குறைவதில்லை.

ஆகவே நான் எட்டும் முடிவு இது: எழுத்துப் பாடம் ஆல்கால் 60இன் வழிவந்தது, வரைபடப் பாடம் கம்பைலரின் வழிவந்தது. ஒரே நூலுக்குள் இரண்டு பகுப்பு நுட்பங்களின் தலைமுறைகள் அருகருகே அச்சாகியிருக்கின்றன. 1976இல் விர்த் கற்பித்த வரிசை, இந்த இரண்டையும் பின்னர் ஒரே சங்கிலியில் கோத்த முயற்சி.

இதற்குள் காலக்கணக்கு ஒன்றும் இருக்கிறது. கம்பைலர் இயங்கிய ஆண்டு 1970. வரைபடங்கள் தாங்கிய நூல் 1974. இந்த இடைவெளியில் எந்தக் கட்டத்தில் படங்கள் வரையப்பட்டன, ஒரே மூச்சிலா, துண்டு துண்டாகவா என்பதை இந்த அகச்சான்று தீர்மானிக்காது. துணைநிரல்களின் அமைப்பும் படங்களின் அமைப்பும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்பதே அது காட்டுவது. கம்பைலரைத் திட்டமிடும்போதே படம் வரைந்துகொண்டிருந்தாலும் இதே பொருத்தம் வந்திருக்கும். எனவே ‘நிரல் முதலில், படம் பின்னர்’ என்று நான் வலியுறுத்தவில்லை. படமும் நிரலும் ஒரு வீட்டுப் பிள்ளைகள், எழுத்து வேறு வீட்டுப் பிள்ளை என்பது மட்டுமே என் வாதம்.

5. கான்வேயின் சான்று

இந்த வாதத்துக்கு வெளியிலிருந்து கிடைக்கும் துணை, 1963 ஜூலையில் அமெரிக்கக் கணிப்பொறிச் சங்கத்தின் ‘கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் மெல்வின் கான்வே எழுதிய கட்டுரை. ஒத்தியங்கும் நிரல்கூறுகளை ‘கோரூட்டீன்’ என்ற பெயரில் அச்சில் நிலைநிறுத்திய கட்டுரை என்றே அது பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. அதன் தலைப்பிலேயே இருக்கும் ‘நிலைமாற்ற வரைபடம்’ என்ற சொல் அந்தப் புகழில் மறைந்துபோனது.

கான்வேயின் முறையில் விதிக்கு ஒரு வரைபடம். சிறு வட்டங்கள் நிலைகள். அவற்றை இணைக்கும் கோடுகளின்மேல் பெயர்கள். கோட்டின்மேல் இருப்பது ஒரு குறியானால், உள்ளீட்டில் அந்தக் குறி வந்தால் மட்டும் கடக்கலாம். கோட்டின்மேல் இருப்பது வேறொரு வரைபடத்தின் பெயரானால், அதற்குள் புகுந்து முடித்துவிட்டு விட்ட இடத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்ப வேண்டிய இடத்தை நினைவில் வைக்க ஓர் அடுக்கு உண்டு. இங்கே படம் கம்பைலரை விளக்குவதற்காக வரையப்பட்டதன்று. கம்பைலர் நடக்கும் பாதையே அந்தப் படம்தான்.

இந்த வரைபடங்கள் கோபால் மொழிக்கானவை என்பதை ஊன்றிப் பார்க்க வேண்டும். கோபாலின் 1960 அறிக்கை பாக்கஸ்–நௌர் குறியீட்டில் எழுதப்பட்டதன்று. அதற்கென்று தனி எழுத்துமுறை இருந்தது: மாற்றுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி நெளிவடைப்பால் அணைப்பது, வேண்டுமானால் வரலாம் என்பவற்றைச் சதுர அடைப்பில் இடுவது, கட்டாயச் சொற்களுக்கு அடிக்கோடு போடுவது. பக்கத்தின் அகலத்தையும் உயரத்தையும் பயன்படுத்திக்கொள்ளும் அந்த எழுத்துமுறை பாதி படம் என்றே சொல்லலாம். ஆக, நிலைமாற்ற வரைபடத்தால் கம்பைலர் எழுதும் முறை முதன்முதலில் விரிவாக அச்சேறியபோது, அதற்கு மூலபாடமாகப் பாக்கஸ்–நௌர் குறியீடு இருக்கவில்லை. ‘படம் என்பது அந்தக் குறியீட்டின் பட வடிவம்’ என்ற விளக்கம் இங்கே நிற்க இடமில்லாமல் போகிறது.

கான்வேயின் படத்துக்கும் விர்த்தின் படத்துக்கும் வடிவ வேறுபாடு உண்டு. கான்வேயிடம் பெயர்கள் கோட்டின்மேல் இருக்கும். வட்டம் வெறும் நிறுத்தம். விர்த்திடம் பெயர்கள் பெட்டிக்குள் போய்விட்டன. கோடு வெறும் தண்டவாளம். நிலைகளுக்குப் பெயரோ எண்ணோ இல்லை. இயந்திரம் தான் எங்கே நிற்கிறது என்று அறிய நிலைகள் வேண்டும். கையேட்டைப் புரட்டும் மனிதருக்கு அடுத்து என்ன எழுதலாம் என்பது போதும். அந்த மாற்றத்தில் படம் இயந்திரத்திடமிருந்து வாசகரிடம் கைமாறுவதைக் காண்கிறேன். விர்த் கான்வேயிடமிருந்து நேராக எடுத்துக்கொண்டார் என்று நான் சொல்லவில்லை. வடிவ ஒற்றுமை கடன் வாங்கியதற்கு ஆதாரமாகாது. மேலிருந்து கீழாகப் பகுக்கும் கம்பைலரை எழுதப் புகும் எவருடைய கையிலும் இந்தப் படம் தானே வந்து நிற்கக்கூடும் என்பதே என் வாதத்துக்குப் போதுமானது. 1970இல் வில்லியம் வுட்ஸ் ஆங்கில வாக்கியங்களைப் பகுக்க மேம்படுத்திய நிலைமாற்ற வலைப்பின்னல்களை முன்வைத்தபோதும் இதே அமைப்பு வேறொரு துறையில் வந்து நின்றது.

இன்னொரு முன்னோடியையும் சொல்ல வேண்டும். 1961 செப்டம்பரில் அதே ‘கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் டெய்லர், டர்னர், வேகாஃப் மூவரும் ஆல்கால் 60இன் தொடரியல் விளக்கப்படம் ஒன்றை வெளியிட்டார்கள். மூவரில் டர்னரும் வேகாஃபும் பரோஸ் நிறுவனத்தின் பி5000 கணிப்பொறிக்கு ஆல்கால் கம்பைலர் எழுதியவர்கள். மொழியை வரையறுத்த குழு படம் வரையவில்லை. கம்பைலர் எழுதியவர்கள் வரைந்தார்கள். ஒரு சான்றை வைத்து விதி சொல்ல முடியாதுதான். ஆனால் கான்வேயையும் சூரிச்சையும் உடன்வைத்துப் பார்த்தால், படம் எந்தப் பட்டறையில் பிறக்கிறது என்பது தெளிவாகிறது.

6. படத்தில் காலம் எங்கே போனது?

கம்பைலரில் அதே வளையம் இருந்தும் 48, 4, 2 தொடருக்குச் சரியான விடை 6 வருகிறதே, எப்படி? சுழல் நடக்கும் ஒழுங்கில் அது இருக்கிறது. 48-ஐயும் 4-ஐயும் படித்து முடித்தவுடன் அவற்றை வகுப்பதற்கான கட்டளையைக் கம்பைலர் வெளியிட்டுவிடுகிறது. அதன்பிறகே 2-ஐப் படிக்கிறது. எது எதோடு கூடுகிறது என்பதை முன்பின் என்ற கால ஒழுங்கு தாங்கிக்கொள்கிறது. வளையத்தைக் காகிதத்தில் வரைந்தவுடன் அந்தக் காலம் வெளியேறிவிடுகிறது. போக்கு மட்டும் தங்குகிறது. எனவேதான் பாஸ்கல் அறிக்கை, ஒரே முன்னுரிமை உடைய குறிகள் இடமிருந்து வலமாகச் செயல்படும் என்று உரைநடையில் தனியே ஒரு விதி சொல்கிறது. எழுத்திலக்கணத்தை மட்டும் வைத்திருப்பவருக்கு அந்த வாக்கியம் ஓர் உறுதிப்பாடு. வரைபடத்தை மட்டும் வைத்திருப்பவருக்கு அது இன்றியமையாதது.

இந்த இழப்பு வேறொரு கோணத்திலிருந்து தாம்பரத்தில் தெளிவுபெற்றது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து 1972 முதல் 1974 வரை வெளியிட்ட கட்டுரைகள், படங்களைப் பிறப்பிக்கும் முறைசார் இலக்கணங்களை உருவாக்கின. அவற்றுள் 1974ஆம் ஆண்டுக் கட்டுரை கோலங்களை எடுத்துக்கொண்டது. அங்கே படம்தான் வாக்கியம். அதைப் பிறப்பிக்கும் விதிகள் எழுத்தில் இருக்கின்றன. முதலில் கிடைவரிசையைப் பிறப்பித்து, அதன்பின் ஒவ்வொரு நிரலையும் கீழ்நோக்கி வளர்ப்பது அவர்களுடைய அணி இலக்கணங்களின் நடைமுறை. முடிந்த படத்தை மட்டும் பார்ப்பவருக்கு அந்த வரிசை தெரியாது. வாசலில் முடிந்து கிடக்கும் கோலம், எந்தப் புள்ளியிலிருந்து இழை புறப்பட்டது என்று சொல்லாததைப் போன்றது அது. பிறப்பிக்கும் வரலாறும் பிறந்த வடிவமும் வெவ்வேறு செய்திகள். அந்த வேறுபாட்டைப் பாஸ்கல் நூலின் இரு பக்கங்களும் தம்மை அறியாமல் பதிவுசெய்திருக்கின்றன.

7. வெற்றுக்கோடும் தொங்கும் ‘எல்ஸ்’உம்

வரைபடம் இழப்பதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது அநீதி. எழுத்து காட்டாத ஒன்றைப் படம் காட்டும் இடமும் உண்டு. பிஎல்/0இன் ‘கட்டளை’ வரைபடத்தைப் பாருங்கள். ஐந்து கிளைகள் ஐந்து வகைக் கட்டளைகளுக்கு. அவற்றோடு இன்னொரு கோடு எந்தப் பெட்டியும் வட்டமும் இல்லாமல் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடுகிறது. அதுதான் வெற்றுக் கட்டளை. எழுத்தில் இது ஒன்றுமே எழுதாத வெற்றிடமாகவோ, ‘வெறுமை’ என்ற ஒரு பெயராகவோ நிற்கும். வாசிக்கும் கண் தாண்டிப் போய்விடும். படத்தில் அது நடந்து கடக்கக்கூடிய பாதை.

அந்தப் பாதை எப்போது ஆபத்தில்லாதது என்பதையும் விர்த்தின் நூலே வகுத்துத் தருகிறது. வெறுமையாகக்கூடிய ஒன்றின் தொடக்கக் குறிகளும், அதை அடுத்து வரக்கூடிய குறிகளும் ஒன்றோடொன்று கலக்கக்கூடாது. பிஎல்/0இல் கட்டளை ஒரு பெயரால் தொடங்கலாம், அல்லது ‘கால்’, ‘பிகின்’, ‘இஃப்’, ‘வைல்’ என்ற நான்கு சொற்களில் ஒன்றால் தொடங்கலாம். அதை அடுத்து வரக்கூடியவை முற்றுப்புள்ளி, அரைப்புள்ளி, ‘எண்டு’. பொதுவான குறி ஒன்றுமில்லை. வெற்றுக்கோட்டில் அச்சமின்றி நடக்கலாம்.

பிஎல்/0இன் ‘இஃப்’ கட்டளையில் ‘எல்ஸ்’ கிடையாது. பாஸ்கலில் உண்டு. சேர்த்தவுடன் மேற்சொன்ன நிபந்தனை முறிகிறது. ‘இஃப்’ ஒன்றுக்குள் ‘இஃப்’ இன்னொன்று இருந்து, அதன்பின் ஒரே ஒரு ‘எல்ஸ்’ வந்தால், அது உள்ளிருப்பதற்கா வெளியிலிருப்பதற்கா? பாஸ்கல் வரைபடம் இந்தக் கேள்வியை எழுப்பவே இல்லை. ‘கட்டளை’ பெட்டியைத் தாண்டியதும் கோடு இரண்டாகப் பிரிகிறது. ஒன்று வெளியே போகிறது, மற்றொன்று ‘எல்ஸ்’ வழியாகப் போகிறது. ஒரு படத்துக்குள் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. குழப்பம் அந்தப் படத்துக்குள் இல்லை. தன்னையே பெட்டியாகக் கொண்ட மேற்படத்துக்கும் இதற்கும் நடுவில் இருக்கிறது. இரண்டு தாள்களுக்கு இடையே கிடக்கும் சிக்கலை ஒற்றைத் தாளில் காண முடியாது. இங்கேயும் உரைநடையே துணைக்கு வந்து, அருகிலுள்ள ‘இஃப்’ உடன் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது.

8. பிற்கால நடமாட்டம்

படம் மக்களிடையே பரவிய வேகத்தில் சட்டத் தகுதி பெறவில்லை. 1977 நவம்பரில் விர்த், இலக்கணக் குறியீடுகள் தேவையின்றிப் பெருகிக் கிடப்பதைக் கண்டித்து எழுதிய சிறு குறிப்பில் முன்வைத்தது எழுத்துக் குறியீடு ஒன்றையே. பாஸ்கலுக்கான 1983ஆம் ஆண்டுச் சர்வதேசத் தரநிலை இலக்கணத்தை எழுத்தாகவே வரையறுத்தது. அதில் ‘உறுப்பு’ விதி வளையமாக மாறிவிட்டது என்பது குறிக்கத்தக்கது. படத்தின் பாடம் எழுத்துக்குள் நுழைந்து, மூத்த பாடத்தை வெளியேற்றியது. ஃபோர்ட்ரான் 77 தரநிலையிலோ மொழி உரைநடையால் விளக்கப்பட்டு, தொடரியல் படங்கள் பின்னிணைப்பில் வந்தன. பின்னிணைப்புகள் தகவலுக்காக மட்டுமே தரப்பட்டவை. அங்கேயும் படத்துக்கு மூலமாகப் பாக்கஸ்–நௌர் பாடம் எதுவும் இருக்கவில்லை.

என் கருத்துக்கு எதிராக நிற்கும் சான்று எஸ்கியூலைட் தரவுத்தளத்தின் ஆவணங்கள். அங்கே ‘கோவை’ என்ற வரைபடத்துக்குள்ளேயே ‘கோவை’ பெட்டியில் தொடங்கும் கிளை இருக்கிறது: கோவை, குறி, கோவை. அந்தப் பாதையில் நடக்கத் தொடங்குபவர் நடந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். அந்த மென்பொருளின் பகுப்பான் கீழிருந்து மேலாக இயங்குவது. அதற்கு இது சிக்கலில்லை. குறிகளின் முன்னுரிமை தனி அட்டவணையில் இருக்கிறது. இங்கே படம் கம்பைலரின் துணைநிரலோடு ஒத்துப்போகவில்லை. வாசகருக்கான வழிகாட்டியாக மட்டுமே நிற்கிறது. ஆக, நான் சொல்லும் உறவு படத்தின் பிறப்புக்கு உரியது. அதன் வாழ்நாள் முழுவதற்கும் உரியதன்று. டக்ளஸ் குரோக்ஃபோர்டு ஜேசன் வடிவத்துக்கு வெளியிட்ட வரைபடங்கள் இதற்கு மறுகோடியில் நிற்கின்றன. ஜேசனில் கணக்குக் குறிகளே இல்லை, பட்டியலும் சோடிகளும்தான். கூடும் முறை பொருட்படாததால் அங்கே வளையம் எதையும் இழக்கவில்லை. பாடபேதம் தோன்ற இடமில்லாத மொழியில் படமும் எழுத்தும் முழுமையாக ஒத்துப்போகின்றன.

ஜான் போவெட்டும் டெரன்ஸ் பாரும் 2008இல் விவரித்த ஆன்ட்லர்வொர்க்ஸ் என்ற கருவி, எழுத்தில் உள்ள விதியிலிருந்து வரைபடத்தைத் தானே வரைவதோடு, ஒரே உள்ளீட்டுக்கு இரண்டு பாதைகள் திறந்திருந்தால் அவற்றை அந்த வரைபடத்தின்மேலேயே காட்டியது. தாள்களுக்கு இடையே ஒளிந்துகிடந்த சிக்கல், தாள்களை ஊடுருவி வரைந்த பாதைகளால் வெளிச்சத்துக்கு வந்தது. கருவி எழுத்திலிருந்து படத்தை எடுக்கும் இந்தக் காலத்தில், விர்த் 1976இல் கற்பித்த வரிசை உண்மையாகவே நிறைவேறியிருக்கிறது. வரலாறாக அது பிழைபட்டது. திட்டமாக அது வென்றது.

9. முடிவாக

பாஸ்கல் வரைபடங்கள் வரையப்பட்ட ஆண்டை 1970க்கும் 1974க்கும் இடையே என்பதைவிட நெருக்கிச் சொல்ல இந்தச் சான்றுகள் இடம் தரவில்லை. கான்வேயிடமிருந்து சூரிச்சுக்கு ஒரு நேர்க்கோடு இழுக்கவும் இடம் தரவில்லை. ‘உறுப்பு’ விதியின் இரண்டு வடிவங்கள் ஒரே நூலில் இருப்பதும், ஒன்றிலிருந்து மற்றது அந்நூலாசிரியரின் வழிமுறைப்படி வர முடியாது என்பதும் மட்டும் உறுதி.

இதிலிருந்து இலக்கணம் வடிவமைப்போருக்கு ஒரு வேண்டுகோளை வைக்கத் துணிகிறேன். படத்தையும் எழுத்தையும் சேர்த்து வெளியிடும்போது ஒன்றை மற்றதன் நகல் என்று எண்ணாமல், இரண்டு ஏடுகளாக ஒப்புநோக்குங்கள். ஒவ்வொரு வளையத்திடமும் நின்று, இங்கே கூடும் முறை பொருட்படுமா என்று கேளுங்கள். பொருட்படும் என்றால், அந்தச் செய்தி எழுத்திலா, அட்டவணையிலா, உரைநடையிலா, எங்கே இருக்கிறது என்று படத்தின் அடியிலேயே குறித்துவையுங்கள். 1974 நூலின் வாசகர், அந்த வளையத்தின் அடியில் இப்படி ஒரு வரியைக் கண்டிருந்தால், 48-ஐ எப்படி வகுப்பது என்று அறிய அறிக்கையின் வேறொரு பக்கத்தைத் தேடிப் போயிருக்க வேண்டியதில்லை.